ஃபிட்ஸ் நோட்டில் உயரத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு வரும் வலிப்பு பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. எங்கள் தெருவில் இன்னும் சாவிக்கொத்தோடு ஓடி வருகிறவர்கள் இருப்பதால் இதைத் திரும்பத் திரும்ப எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த மருந்தை வருஷக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டே வளர்கிற பிள்ளையின் உயரம், எடை, எலும்பு, பசி பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். எம்.சி. ரோடு ரெடிமேட் கடைகளுக்கு பீஸ் வேலை, மே, ஜூன் மாதங்களில் பள்ளிக்கூட யூனிஃபார்ம். வீட்டுக்காரர் ஹார்பரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகனுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு நாலு வயதில் முதல் தடவை ஃபிட்ஸ் வந்தது. அன்றிலிருந்து மருந்து நிற்கவில்லை.

மாதம் ஒரு தடவை அரசு மருத்துவமனை ஓ.பி.க்குப் போவோம். விடியற்காலையில் கிளம்பி, சீட்டு போட்டு, வரிசையில் உட்கார்ந்து, எங்கள் முறை வரும்போது வெயில் ஏறிவிடும். "ஃபிட்ஸ் வந்துச்சாம்மா?" "இல்ல சார்." "மாத்திரை ஒழுங்கா குடுக்கிறீங்களா?" "குடுக்கிறேன் சார்." நோட்டில் 'கன்டின்யூ சேம்', அதாவது அதே மருந்தையே தொடரவும் என்று எழுதி மருந்துக் கவுன்ட்டருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. ஒருவர் மேசைக்கு முன்னால் அத்தனை தாய்மார் நிற்கும்போது அவர் என்ன செய்வார்? மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. வெளியில் வாங்குவதாக இருந்தால் எங்கள் வருமானத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பையனின் நோட்டைப் புரட்டினால் ஃபிட்ஸ் வந்த தேதி இருக்கிறது, மருந்தின் அளவு இருக்கிறது, எடை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது, உயரம் மட்டும் ஓர் இடத்திலும் இல்லை.

அவன் உயரம் நின்றுபோனதைக் காட்டிக் கொடுத்தது என் இன்ச் டேப்தான். யூனிஃபார்ம் பேன்ட் தைக்கும்போது காலில் இரண்டு இன்ச் உள்மடிப்பு விட்டுத் தைப்போம். அடுத்த ஜூனில் மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டால் இன்னொரு வருஷம் ஓடும். எங்கள் பக்கத்துத் தாய்மார் எல்லோரும் கேட்டு வாங்கும் மடிப்பு அது. பையன் மூன்றாம் வகுப்பு முடித்து நான்காம் வகுப்புக்குப் போகிற நேரத்தில் பழைய பேன்ட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். முந்தின வருஷம் கணுக்காலில் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. மடிப்பைப் பிரிக்க வேலையே இல்லை. இடுப்புதான் தொளதொளவென்று ஆகி, கொக்கியை நகர்த்த வேண்டியிருந்தது.

மனசு கேட்காமல் அளவு நோட்டில் முந்தின வருஷத்துப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தோள், கை நீளம், கால் நீளம் எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். கால் நீளம் அரை இன்ச்கூட ஏறவில்லை. அவன் வகுப்புப் பிள்ளைகளின் அளவும் அதே நோட்டில்தான் இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் ஒரு இன்ச், ஒன்றேகால் இன்ச் என்று ஏறியிருந்தது.

அதற்கு முன்பே சில விஷயங்கள் உறுத்திக்கொண்டிருந்தன. ஏழு வயதில் ஃபிட்ஸ் மறுபடி வர ஆரம்பித்தபோது அதுவரை கொடுத்துவந்த வால்புரோயேட் என்ற ஃபிட்ஸ் சிரப்போடு டோபிராமேட் என்ற இன்னொரு ஃபிட்ஸ் மாத்திரையையும் சேர்த்தார்கள். ஃபிட்ஸ் நின்றது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நுரையைத் துடைத்தவர்களுக்குத் தெரியும். அந்த மாத்திரையைத் திட்ட எனக்கு மனசு வராது. ஆனால் பசி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தாலும் நாலு வாய்க்கு மேல் இறங்காது. விரல் நுனியில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்பான். பன்னீர் சோடா என்றால் அவனுக்கு உயிர். சப்பென்று இருக்கிறது என்று பாதி பாட்டிலோடு வைத்துவிடுவான். சோடா குடிக்கிற பிள்ளை குடிக்காமல் போனது நல்லதுதானே என்றார் என் மாமியார்.

கத்திரி வெயிலில் இன்னொன்றும் கவனித்தேன். தெருவில் கிரிக்கெட் ஆடிவிட்டு வருகிற பிள்ளைகள் எல்லாம் தொப்பலாக நனைந்து வருவார்கள். இவன் பனியன் மட்டும் காய்ந்தே இருக்கும். முகம் கன்றிப்போய், தொட்டால் உடம்பு கொதிக்கும். வியர்வை ஒரு பொட்டு இருக்காது. நிழலில் உட்கார வைத்து, ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும்.

தையல் நோட்டை அப்படியே பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஓ.பி.க்குப் போனேன். அன்று இருந்தவர் மேல்படிப்புப் படிக்கிற ஓர் இளம் டாக்டரம்மா. நான் காட்டிய பக்கத்தை அவர் தள்ளிவிடவில்லை. இரண்டு வருஷத்து அளவையும் விரல் வைத்துப் படித்தார். பையனைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் பலகையில் படும்படி நிற்க வைத்து உயரம் பார்த்தார். இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் என்று ஒரு தாளை எடுத்து, அவன் வயதுக்கு நேராகப் புள்ளி வைத்தார். எங்கள் இருவரின் உயரத்தையும் கேட்டார். அப்பா அம்மா குட்டையாக இருந்தால் பிள்ளையும் அப்படி இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், சாப்பாடு போதாமல் இருக்கலாம், எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போட்டுவிடக் கூடாது என்றார். ஐந்து வயதிலிருந்து பருவம் வருகிற வரைக்கும் ஒரு பிள்ளை வருஷத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும், இவன் அதற்கு ரொம்பக் கீழே இருக்கிறான் என்றும் சொன்னார்.

ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது. வைட்டமின் டி குறைவு. பைகார்பனேட் என்று ஒன்று இருக்கிறதாம், அதுவும் குறைவு. டோபிராமேட் சில பிள்ளைகளுக்கு அந்த பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுமாம். அப்போது ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும், நாளடைவில் எலும்பு பாதிக்கும், வளர்ச்சி மட்டுப்படும், சிறுநீரகக் கல்லும் வரலாம். வியர்வை குறைவதும், விரல் மரத்துப்போவதும், சோடா சப்பென்று ஆனதும்கூட அந்த மாத்திரையின் வேலைதான் என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாள் தனித்தனியாக உறுத்திக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது.

பெரிய டாக்டரிடம் கலந்து பேசி மருந்தை மாற்றினார்கள். ஒரே நாளில் இல்லை. வாரத்துக்குக் கொஞ்சமாகப் பழைய மாத்திரையைக் குறைத்து, லெவெடிராசெட்டம் என்ற புது மாத்திரையைக் கொஞ்சமாகக் கூட்டி, வைட்டமின் டி கொடுத்தார்கள். புது மாத்திரையில் ஆரம்பத்தில் கோபம் அதிகமாக வந்தது, அக்காவைக் கிள்ளிவிட்டு ஓடுவான். அப்படி வரலாம், அதிகமானால் உடனே வந்து சொல்லுங்கள் என்று டாக்டரம்மா முதலிலேயே எச்சரித்திருந்ததால் நாங்கள் பதறவில்லை. பசி திரும்பியது. இப்போது வருஷத்துக்கு வளர வேண்டிய அளவு வளர்கிறான்.

இந்த மருந்துகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாய்மாரிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். டோபிராமேட் பசியைக் குறைத்தால், வால்புரோயேட் பல பிள்ளைகளுக்குப் பசியைக் கூட்டி எடையை ஏற்றிவிடும். ஃபீனோபார்பிடோன், ஃபெனிடாய்ன், கார்பமசெபைன் போன்ற பழைய மருந்துகள் கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைத்து, உடம்பில் இருக்கிற வைட்டமின் டி-யைச் சீக்கிரம் தீர்த்துவிடும். அது குறைந்தால் சாப்பிடுகிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் போய்ச் சேராது. எங்களோடு ஓ.பி.யில் உட்காருகிற ஒரு சிறுமிக்கு ஃபெனிடாய்னால் ஈறு வீங்கிப் பல்லில் பாதியை மூடிவிட்டது. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டே பேசுகிறாள். லெவெடிராசெட்டம், லமோட்ரிஜின் மாதிரி மருந்துகள் வளர்ச்சியை அவ்வளவாகத் தொடுவதில்லை, ஆனால் அவற்றுக்கும் வேறு தொல்லைகள் உண்டு. எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து என்பது டாக்டர் முடிவு செய்கிற விஷயம். அந்த முடிவுக்கு உயரமும் எடையும் கையில் வேண்டும்.

வளர்ச்சி என்றால் ஏதோ அழகு சம்பந்தப்பட்டது, உயிருக்கு ஆபத்து இல்லாததைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்று சிலர் நினைக்கலாம். குழந்தைகளுக்கு ஃபிட்ஸ் மருந்து கிலோ கணக்கில்தான் எழுதப்படுகிறது, ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று. பதினைந்து கிலோ இருந்தபோது எழுதிய சிரப் அளவு, பிள்ளை இருபத்திரண்டு கிலோ ஆன பிறகும் 'கன்டின்யூ சேம்' என்றே போய்க்கொண்டிருந்தால் மருந்து போதாமல் ஃபிட்ஸ் திரும்ப வரலாம். எடை குறைந்து, மருந்து அப்படியே இருந்தால் அது தேவைக்கு மேல் போய்விடும். ஆக, எடையைப் பார்ப்பது ஃபிட்ஸைப் பார்ப்பதில் ஒரு பாகம்தான். சிரப்பை வீட்டு ஸ்பூனில் ஊற்றுகிற வழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இருக்கிற இரண்டு ஸ்பூனே ஒன்றுக்கொன்று அளவு வேறு. மருந்தோடு வருகிற மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கைகூப்பிக் கேட்கிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். வால்புரோயேட்டில் எடை கூடிக்கொண்டே போனது. இந்த மாத்திரைதான் பிள்ளையை ஊத வைக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் மந்திரித்த கயிறு ஒன்றைக் கட்டி, மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். சில நாளில், நடு ராத்திரியில் ஃபிட்ஸ் ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடி, ஐ.சி.யூ.வில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஃபிட்ஸ் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி விடாமல் வருகிற வலிப்பு வரலாம், அதில் உயிரே போகலாம். மருந்தைக் குறைப்பதோ மாற்றுவதோ டாக்டர் சொல்லி, அவர் சொல்கிற வேகத்தில்தான் நடக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டுப் பெரியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை ஊதுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள், அதைப் பற்றி அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓ.பி.யில் எடை ஏறுவதைப் பார்த்து, சாப்பாட்டில் என்ன மாற்றலாம், தேவைப்பட்டால் மருந்தையே மாற்றலாம் என்று ஒருவர் உட்கார்ந்து பேசியிருந்தால் அவர்கள் கயிற்றைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வால்புரோயேட் சாப்பிடுகிற பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தப்பலாம், கர்ப்ப காலத்தில் அது வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இந்த மருந்தை எழுதக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. வயதுக்கு வருகிற பருவத்தில் இருக்கிற மகள் இந்த மருந்தில் இருந்தால், அடுத்த ஓ.பி.யில் இதைப் பற்றிக் கேளுங்கள். அங்கேயும் நிறுத்துவது நீங்கள் இல்லை, டாக்டர்தான்.

எலும்புக்கு வீட்டில் செய்யக்கூடியதைச் செய்தோம். வைட்டமின் டி குறைவு என்றதும் சென்னை வெயிலிலா என்று கேட்டேன். எங்கள் வீடு இரண்டு சுவருக்கு நடுவே இருக்கிறது. பகலிலும் டியூப் லைட் போட்டுத்தான் நான் மெஷினில் உட்காருகிறேன். பையன் காலையில் பள்ளிக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருகிறான். ஃபிட்ஸ் பிள்ளை என்பதால் விளையாட்டுப் பீரியடில் வகுப்பிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். உடம்பில் வெயில் எங்கிருந்து படும்? வகுப்பு டீச்சரிடம் பேசி, மற்ற பிள்ளைகளோடு மைதானத்துக்கு அனுப்பச் சொன்னேன். சுவர் ஏறுவதும் தனியாகத் தண்ணீரில் இறங்குவதும் மட்டும் வேண்டாம், மீதி எல்லாம் விளையாடலாம் என்று டாக்டரம்மா சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு இல்லை. காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு சேர்த்துச் சாப்பிட வைக்கிறேன். ஆடி மாதத்தில் மட்டும் ஊற்றுகிற கேழ்வரகுக் கூழை வருஷம் முழுக்க வைத்துக்கொண்டோம். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்திலிருந்து வருகிறது. இதெல்லாம் மருந்துக்கு மாற்று இல்லை. வைட்டமின் டி குறைந்துவிட்டால் அதை டாக்டர் சொல்கிற அளவில் மருந்தாகத்தான் கொடுக்க வேண்டும்.

இனி அரசுக்கு. ஐந்து வயது வரைக்கும் அங்கன்வாடியில் எடை, உயரம் பார்த்து அட்டையில் கோடு போடுகிறார்கள். அதற்கு அப்புறம் அந்த அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. ஃபிட்ஸ் மருந்தில் இருக்கிற பிள்ளைக்கோ அதற்குப் பிறகுதான் நீண்ட காலம் இருக்கிறது. பதினெட்டு வயது வரைக்குமான பிள்ளைகளுக்கு ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசு உடல்நலப் பரிசோதனைத் திட்டம் 2013-லிருந்து இருக்கிறது, மருத்துவக் குழு பள்ளிக்கு வருகிறது, அளக்கிறது. அந்த அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்தால் நாங்களே அதை ஃபிட்ஸ் நோட்டில் ஒட்டிக்கொள்வோம். மருத்துவமனைகளில் எடை மெஷினும் உயரம் பார்க்கிற பலகையும் இல்லாமல் இல்லை. ஓ.பி.க்குப் பக்கத்து அறையில் இருக்கின்றன. அவற்றைச் சீட்டு போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, ஒரு செவிலியரோ பயிற்சி மாணவரோ நின்று, வருகிற பிள்ளையை அளந்து தேதியோடு எழுதிவிட்டால், டாக்டர் கையில் நோட்டு போகும்போதே எல்லாம் இருக்கும். அவருக்கு ஒரு நிமிஷம்கூட அதிகமாகச் செலவாகாது. எடையை மாதாமாதம், உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால்கூடப் போதும். பல வருஷமாக மருந்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அவ்வப்போது வைட்டமின் டி பரிசோதனையும், டோபிராமேட்டில் இருக்கிறவர்களுக்கு பைகார்பனேட் பரிசோதனையும் கேட்காமலே எழுதிக் கொடுக்க வேண்டும். வெளி லேபில் வைட்டமின் டி பார்க்கச் சொன்னால் எங்களில் பாதிப்பேர் அந்தச் சீட்டை மடித்து வைத்துவிடுவார்கள்.

ஆசிரியர் ஐயா, நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம். அன்றைய மருத்துவப் பக்கத்தில் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இந்த மருந்துகளைப் பற்றித் தனித்தனியாக எழுத வையுங்கள். எந்த மருந்தில் இருக்கிற பிள்ளைக்கு எதைக் கவனிக்க வேண்டும், எந்தப் பரிசோதனையை எப்போது கேட்க வேண்டும், வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு உயரம் பார்ப்பது எப்படி என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி இருக்கட்டும். அந்தப் பக்கத்தை வெட்டி எங்கள் ஓ.பி. வாசலில் ஒட்ட அனுமதி வாங்குகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மகன் பள்ளியில் படிப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.